மியாட்டா சீட் பெல்ட் நாடாவைச் சிவப்பாக மாற்ற வேண்டும். கழற்றியதும் இறுகி நிற்கிறது, உதவி தேவை

திறந்தகூரை90 | நவம்பர் 9

வணக்கம். என்னிடம் இருப்பது 1990ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா, எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறை. கனடாவின் ஸ்காபரோவில் வீட்டுக் கராஜில் குளிர்காலம் முழுக்க நிற்கும், மே மாதம்தான் ரோட்டுக்கு வரும். 30 வருசத்துக்கு மேலாகக் கூரையைத் திறந்தே ஓடின கார் என்பதால் இரண்டு பெல்ட்டும் வெயில் குடித்து, கறுப்புப் போய் மண்ணிறமாகிவிட்டன. சாரதி பக்க நாடாவின் ஓரம் பிசிர் விட்டிருக்கிறது. பக்கிளைக் கழற்றினால் தானாகச் சுருண்டு உள்ளே போவதும் இல்லை, கையால் ஊட்ட வேண்டும்.

கார் வெள்ளை, இருக்கை கறுப்பு. நாடா மட்டும் சிவப்பாக இருக்க வேண்டும் என்று கனநாள் ஆசை. 48 மில்லிமீட்டர் அகலச் சிவப்பு நாடா 10 மீட்டர் ஓர்டர் பண்ணி வந்துவிட்டது. அம்மாவின் தையல் மெஷின் வீட்டில் இருக்கிறது. நேற்று சாரதி பக்கப் பெல்ட்டை முழுதாகக் கழற்றி மேசையில் வைத்தேன்.

இப்போது மூன்று சந்தேகம். காரில் இருக்கும்போது நன்றாக இழுபட்ட நாடா, மேசையில் ஒரு அங்குலம்கூட வெளியே வரவில்லை. பழுதாக்கிவிட்டேனா? அடுத்தது, நாடாவைச் சுருட்டி வைக்கும் பெட்டியான ரிட்ராக்டரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. பழைய நாடாவை உருவ எந்த மூடியைத் திறப்பது? கடைசியாக, புது நாடாவின் நுனியை மடித்துத் தைக்க எத்தனை வரிசைத் தையல் காணும்?

நட்டும்போல்ட்டும் | நவம்பர் 9

தம்பி, பழுதாகவில்லை, பயப்பட வேண்டாம். ரிட்ராக்டரை மேசையில் படுக்க வைத்திருப்பீர்கள். அதற்குள்ளே ஒரு சின்ன உருண்டையோ தொங்கும் குண்டோ இருக்கும். கார் சடுதியாக நின்றாலோ கவிழ்ந்தாலோ அது இடம் மாறி ஒரு நெம்பைத் தூக்கும், நெம்பு போய்ப் பற்சக்கரத்தில் விழும், நாடா இறுகும். படுக்க வைத்த ரிட்ராக்டருக்கு கார் கவிழ்ந்துவிட்டது என்றுதான் தெரியும். காரில் பூட்டியிருந்த அதே சரிவில் கையில் பிடியுங்கள். நாடாவைக் கொஞ்சம் உள்ளே விட்டு, பிறகு மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் திரும்பவும் இறுகும், அது வேறொரு பூட்டு, அதுவும் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மூடிகள் இரண்டையும் தொடாதீர்கள். ஒன்றுக்குள்ளே இந்தப் பூட்டு இருக்கிறது. மற்றதுக்குள்ளே கடிகார வில் மாதிரிச் சுருட்டிய உருக்குப் பட்டி, எப்போதும் இறுக்கத்தோடு இருக்கும். மூடியைக் கிளப்பினால் அது பாய்ந்து விரியும், விளிம்பு சவர அலகு மாதிரி. என்னோடு வேலை செய்தவர் ஒருவர் பெருவிரலில் தையல் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒன்று கேட்க வேண்டும். ரிட்ராக்டருக்கு ஏதாவது வயர் போகிறதா? முக்கியமாக மஞ்சள் கனெக்டர்?

திறந்தகூரை90 | நவம்பர் 10

நிமிர்த்திப் பிடித்தேன், அழகாக இழுபட்டது! நன்றி அண்ணா. வயர் எதுவும் இல்லை, வெறும் இரும்புப் பெட்டியும் ஒரு பெரிய போல்ட்டும்தான். முழுக்க இழுத்துப் பார்த்ததில் உள் நுனி தெரிந்தது. நாடா ஒரு வளையமாகத் தைக்கப்பட்டு, உருளையின் பிளவுக்குள் ஒரு ஊசி குறுக்கே போகிறது. மூடி திறக்காமலே ஊசியைத் தள்ளி உருவலாம் போல இருக்கிறது. அப்படியென்றால் மிச்சம் தையல் மட்டும்தானே?

ஊசியும்நூலும் | நவம்பர் 10

தம்பி, படகு இருக்கையும் கார் இருக்கையும் தைப்பதுதான் என் தொழில், 18 வருசமாக. அதனால் இந்தத் “தையல் மட்டும்தானே” என்ற இடத்தில் உங்களை நிறுத்தியாக வேண்டும்.

முதலில் கணக்கு. 70 கிலோ ஆள், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். மோதும்போது அவருடைய உடல் அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். பெல்ட் தாங்க வேண்டிய சராசரி விசை சுமார் 13,500 நியூட்டன், அதாவது 1,300 கிலோவுக்கு மேல். உச்சம் இன்னும் கூட. அதனால்தான் அமெரிக்காவின் 209ஆம் இலக்க வாகனப் பாதுகாப்புத் தரம் மூன்று முனைப் பெல்ட்டின் இடுப்பு நாடா 22,241 நியூட்டனும் தோள் நாடா 17,793 நியூட்டனும் தாங்க வேண்டும், அகலம் 46 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. வெயில் பட்ட பிறகும் நாடா 60 சதவீதப் பலத்தோடு நிற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கூரை திறக்கும் காருக்கு இது சும்மா விசயம் இல்லை.

இவ்வளவு பலம் உள்ள நாடாவை நீங்கள் வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பலம் நுனியில் இருக்கும் இரும்புத் தகட்டுக்கும் உருளைக்கும் போய்ச் சேருவது தையல் வழியாக மட்டும்தான். பழைய பெல்ட்டின் அடி நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தடித்த பொலியெஸ்டர் நூல், நாடாவின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓடும், எங்கும் ஒரே இழுவை, ஒரு கண்கூட விட்டுப்போகாது. கணினியில் ஓடும் தனி மெஷின் ஒரே மூச்சில் போடும் தையல் அது.

வீட்டு மெஷினுக்கு இந்த நாடா இரண்டு மடிப்பானாலே ஊசி வளையும், தையல் தாவும். மெல்லிய நூல்தான் போட முடியும். பலம் காணாது என்று குறுக்கே வரிசை வரிசையாக அடித்தால் தபால் முத்திரைத் தாள் மாதிரித் துளை போட்டு நாடாவையே வெட்டுகிறீர்கள்.

நானும் ஒருமுறை இது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நினைத்தேன். என்னுடைய தொழில் மெஷினில், எனக்குத் தெரிந்த மிகப் பலமான பெட்டித் தையலைப் போட்டு, ஒரு முனையைத் தூணிலும் மறு முனையைக் கை வின்ச்சிலும் மாட்டி இழுத்தேன். நெம்பில் என் முழுப் பாரத்தையும் போடத் தேவை வரவில்லை. டிக், டிக் என்று ஓர நூல் முதலில் விட்டது. பிறகு நடுவில் இருந்தது ஜிப் கழன்ற மாதிரி ஒரே நேரத்தில் போனது. நாடாவில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்குப் பிறகு யார் பெல்ட் கொண்டுவந்தாலும் நான் தைப்பதில்லை.

பனிச்சறுக்கு | நவம்பர் 11

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நாடாவை மாற்றாமல் பழையதற்கே சாயம் போட்டால் என்ன?

ஊசியும்நூலும் | நவம்பர் 11

வேண்டாம். இது பொலியெஸ்டர், சாதாரண துணிச் சாயம் பிடிக்காது. பிடிக்கவைக்கக் கடும் சூடும் சாயத்துக்கேற்ற இரசாயனமும் வேண்டும். சாயத்துக்கு முன்னால் பிளீச் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதெல்லாம் நூலை என்ன செய்தது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கறுத்த நாடாவைச் சிவப்பாக்கவும் முடியாது.

திறந்தகூரை90 | நவம்பர் 11

அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. கொஞ்சம் மனம் உடைந்ததும் உண்மை. புது பெல்ட் வாங்கினால் கறுப்புத்தான் வரும். இந்தக் காரை நான் பதினைந்து வயதில் பக்கத்து வீட்டு வாசலில் பார்த்த நாளில் இருந்து சிவப்புப் பெல்ட்டோடுதான் கற்பனை செய்திருக்கிறேன். வேறு வழியே இல்லையா?

நட்டும்போல்ட்டும் | நவம்பர் 12

வழி இருக்கிறது தம்பி. கழற்றுவதும் பூட்டுவதும் உங்கள் வேலை, நாடா மாற்றுவது அதற்கென்றே இருக்கும் பட்டறையின் வேலை. பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்காகப் பெல்ட்டைத் தபாலில் வாங்கி, நாடாவை மாற்றித் திருப்பி அனுப்பும் இடங்கள் வட அமெரிக்காவில் பல இருக்கின்றன. நிறத்தை நீங்களே தெரிவு செய்யலாம். குளிர்காலத்தில் கார் நிற்கத்தானே போகிறது, இதைவிட நல்ல நேரம் இல்லை.

அனுப்ப முன் ஃபோன் எடுத்துக் கேளுங்கள். நாடாவுக்குப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா, நூலும் தையல் வடிவமும் பழையதைப் போலவே வருமா, பக்கிளுக்குள் செருகும் இரும்பு நாக்குக் கீழே விழாமல் தடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பொத்தானைத் திரும்பப் போடுவார்களா, புது லேபல் தைப்பார்களா. இதற்கு முழி பிதுங்கினால் வேறு இடம் பாருங்கள். ரிட்ராக்டரின் வில் களைத்திருக்கிறதா என்பதையும் அவர்களே பார்க்கட்டும். விபத்தில் இழுபட்ட பெல்ட் என்றால் நாடா மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை, முழு பெல்ட்டையும் எறிய வேண்டும். நாடாவில் அலை அலையான மடிப்போ, தோளுக்கு மேலே அது வழுக்கி வரும் வளையத்தில் பிளாஸ்டிக் உருகின தடமோ இருந்தால் அது இழுபட்ட பெல்ட்.

இரண்டு பெல்ட்டும் திரும்பி வரும்வரை காரை வாசலுக்குக்கூட எடுக்காதீர்கள். கனடாவில் முதன்முதலில் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது நம்முடைய ஒன்ராறியோதான், 1976 ஜனவரி 1 முதல்.

மழைக்கூரை16 | நவம்பர் 12

நானும் கேட்கலாமா? என்னுடையது 2016 எம்எக்ஸ்-5. இதே மாதிரி நானே கழற்றி அனுப்பினால் சரியா? என்னுடைய பெல்ட்டுக்கு வயர் போகிறது.

நட்டும்போல்ட்டும் | நவம்பர் 12

உங்கள் கதை வேறு. அந்த வயர் போவது முன்னிறுக்கிக்கு. மோதின கணத்தில் ஒரு சின்ன வெடிமருந்து பற்றி, அந்த வாயு நாடாவை உள்ளே இழுத்து உங்களை இருக்கையோடு சேர்க்கும். அதைக் கழற்ற பேட்டரியைத் துண்டித்து, காரின் திருத்தப் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை அதில் வைக்கவே கூடாது. பிறகு கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு இக்னிஷன் போட்டால் எயார்பேக் விளக்கு எரிந்து நிற்கும். வெடிமருந்து இருப்பதால் சாதாரணத் தபாலில் போடவும் விடமாட்டார்கள். உள்ளே ஒரு முறுக்குத் தண்டும் இருக்கும், அது நெஞ்சில் விழும் பாரத்தைக் குறைக்க, குறிப்பிட்ட விசையில் முறுகிக் கொடுக்கும். அது அந்த நாடாவோடு கணக்குப் பார்த்துச் செய்தது. என் சொந்தக் கார் என்றால் கறுப்பாகவே விட்டுவிடுவேன். நிறம் வேண்டுமென்றால் இருக்கைத் தையலில் பாருங்கள்.

திறந்தகூரை90 | நவம்பர் 15

இரண்டு பெல்ட்டையும் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாஷர் இருந்த வரிசையைப் படம் எடுத்து, நூலில் கோத்துப் பையில் போட்டிருக்கிறேன். சாரதி பக்கத் தகட்டில் மாட்டியிருந்த அலை வாஷரைக் கவனிக்காமல் விட்டிருந்தால் நிச்சயம் தொலைத்திருப்பேன். நான்கு பட்டறையில் கேட்டேன். ஒன்றில் மட்டும், நான் கேட்க முன்னமே சான்று அனுப்பட்டுமா என்றார்கள். அவர்களுக்கு நாளை அனுப்புகிறேன்.

திறந்தகூரை90 | ஏப்ரல் 19

பெல்ட் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, பூட்டியது போன வாரம்தான். நிறம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அடர்த்தி, பழுத்த கொவ்வை மாதிரி. அடி நுனித் தையலைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வடிவம் அதேதான்.

பூட்டினதும் ஒரு பிரச்சினை வந்தது. நாடா வெளியே நன்றாக வருகிறது, உள்ளே போவது பாதியில் நின்றுவிடுகிறது. ரிட்ராக்டர்தான் பிழை என்று திரும்ப அனுப்ப இருந்தேன்.

நட்டும்போல்ட்டும் | ஏப்ரல் 19

அனுப்ப முன் தோளுக்கு மேலே நாடா வழுக்கி வரும் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். 30 வருச வியர்வையும் தூசியும் அதில்தான் மெழுகு மாதிரி ஒட்டியிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம் போட்டு, துணியால் துடையுங்கள். எண்ணெய், சிலிக்கோன் எதுவும் வேண்டாம், நாடாவில் ஏறிவிடும். பெட்டிக்குள் தண்ணி போகவும் கூடாது.

பிறகு மூன்று காரியம். நாடா எங்கும் முறுகாமல் இருக்கிறதா, தகடுகள் போல்ட்டில் தாராளமாகத் திரும்புகின்றனவா, போல்ட்டுகள் புத்தகத்தில் உள்ள டோர்க்குக்கு, அதாவது முறுக்கு அளவுக்கு, இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெடுக்கென்று பத்துத் தடவை இழுங்கள், பத்துத் தடவையும் இறுக வேண்டும். அப்புறம் ஆள் இல்லாத தரிப்பிடத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பிரேக்கை அழுத்துங்கள். பிரேக்கின்போது நாடா கொடுத்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

திறந்தகூரை90 | ஏப்ரல் 21

வளையத்தில் இருந்து வந்த அழுக்கில் வெள்ளைத் துணி கறுத்துப்போனது. இப்போது பக்கிளை விட்டதும் நாடா சர்ரென்று உள்ளே போய் நாக்கு தூணில் தட்டி நிற்கிறது. பத்துக்குப் பத்தும் இறுகியது. பிரேக் சோதனையும் சரி. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

நான் வாங்கின 10 மீட்டர் சிவப்பு நாடாவை வெட்டி, கராஜ் சுவரில் குளிர்கால டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.