பிஎச்பி: இமேஜ் பட்டனை அழுத்தினால் இஸ்செட் பிடிக்கவில்லை

கேள்வி:
ஃபார்மில் டைப்="இமேஜ்" போட்டு குப்பைத்தொட்டிப் படம் வைத்திருக்கிறேன். நேம்="டெலிட்", வேல்யூ="1". ஃபார்மிலிருந்து டெலிட் வந்ததா என்று பார்க்கும் இஸ்செட்($_போஸ்ட்['டெலிட்']) எப்போதும் ஃபால்ஸ்தான். டைப்="சப்மிட்" என்று மாற்றினால் ஓடுகிறது. ஏன்? ஒரே ஃபார்மில் 20 வரிசை, வரிசைக்கு ஒரு பட்டன்.

பதில் 1:
இமேஜ் பட்டனின் வேல்யூ வரும் என்று நம்ப முடியாது. படத்தில் க்ளிக் விழுந்த இடத்தைத்தான் அது அனுப்பும்: டெலிட்.எக்ஸ்=14, டெலிட்.ஒய்=9 என்று, மேல் இடது மூலையிலிருந்து பிக்சல் கணக்கில். பெயரில் புள்ளி இருந்தால் பிஎச்பி அதை அடிக்கோடாக்கிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது $_போஸ்ட்['டெலிட்_எக்ஸ்']. வந்ததையெல்லாம் அப்படியே காட்டும் வார்_டம்ப்($_போஸ்ட்) போட்டால் கண்ணிலேயே தெரியும்.

பதில் 2:
அந்த டெலிட்_எக்ஸை இஸ்செட்() இல்லாமல் வெறும் இஃப்-க்குள் போடாதீர்கள், காலியா என்று பார்க்கும் எம்ப்டி()யும் ஆகாது. டேப் அடித்துப் பட்டனுக்கு வந்து என்டர் தட்டினால் 0, 0 என்று வரும். பிஎச்பிக்கு "0" என்ற ஸ்ட்ரிங் ஃபால்ஸ். மவுஸில் ஓடும், கீபோர்டில் ஓடாது. டெஸ்டிங்கில் சிக்காத வகைப் பிழை.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. 20 வரிசைக்கும் டெலிட்1, டெலிட்2 என்று பெயர் வைத்து லூப் ஓட்டவா?

பதில் 1:
வேண்டாம். நேம்="டெலிட்[57]" என்று அந்த வரிசையின் ஐடியை (இங்கே 57) பெயருக்குள்ளேயே வையுங்கள். மூடும் அடைப்புக்குறிக்குப் பின்னால் வரும் .எக்ஸ், .ஒய் இரண்டையும் பிஎச்பி கண்டுகொள்ளாது. ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு ஒய் மட்டும் மிஞ்சும். அந்த எண் நமக்கெதற்கு? அர்ரேயின் முதல் கீயை எடுக்கும் அர்ரே_கீ_ஃபர்ஸ்ட்($_போஸ்ட்['டெலிட்']) கொடுக்கும் 57 போதும். இந்த ஃபங்ஷன் பிஎச்பி 7.3 முதல் உண்டு; அதற்கு முந்தையதில் கீ(). நீக்கும் முன், அந்த வரிசை லாகின் செய்தவருடையதுதானா என்று பாருங்கள். 57-ஐ 58 ஆக்கி அனுப்ப யாராலும் முடியும்.

பதில் 3:
இமேஜ் பட்டனையே தூக்கிவிடுங்கள் என்பது என் கட்சி. பட்டன் டேக், டைப்="சப்மிட்", நேம்="டெலிட்", வேல்யூ="57", உள்ளே படம், ஆல்ட்டில் "நீக்கு". $_போஸ்ட்['டெலிட்'] நேராக 57 தரும்.

எதை வைத்தாலும் பட்டன்கள் எந்த முறையில் முன்பின்னாக வருகின்றன என்று கவனியுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸில் என்டர் தட்டினால், ஃபார்மின் முதல் சப்மிட் பட்டனை அழுத்தியதாகவே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். இமேஜ் பட்டனும் அதில் சேர்த்திதான். முதலில் இருப்பது குப்பைத்தொட்டி என்றால், பெயரைத் திருத்தி என்டர் தட்டியவரின் முதல் வரிசை காலி. "சேமி" பட்டனை எச்டிஎம்எல்லில் முதலில் எழுதி, திரையில் எங்கே வேண்டுமோ அங்கே சிஎஸ்எஸ்ஸால் நகர்த்துங்கள்.