பம்பர் அடி: நாமளே திருத்தின ஆக்கள், கிளெய்ம் போட்ட ஆக்கள் வந்து சொல்லுங்க

கல்லடி வாசி:
டவுனுக்குள்ள நிப்பாட்டிக் கிடந்த என்ட வேகன் ஆர் கார்ல ஓட்டோ ஒண்டு ரிவர்ஸ் எடுக்கக்குள்ள இடிச்சிட்டு. பின் பம்பர்ட மூலை உள்ளங்கை அளவுக்கு உள்ள போய், ஒரு பக்கம் பம்பரப் பிடிச்சிருக்கிற லொக் (கிளிப்) கழண்டு தொங்கினது. ஓட்டோக்காரத் தம்பி பயந்து போய் நிக்கிறான். அவனிட்ட இருந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், மற்றவங்களுக்கு வாற சேதத்துக்கு மட்டும் குடுக்கிறது. பொலிசுக்குப் போய் முறைப்பாடு வைச்சு அலையிற அளவுக்கு இது பெரிய விசயமா எண்டு யோசிச்சு, அவன் தந்த 3,000 ரூபாய வாங்கிட்டு விட்டுட்டன்.

என்னட்ட ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. வீட்டில எல்லாரும் "கிளெய்ம் போடுங்க, சும்மாவா காசு கட்டுற?" எண்டாங்க. நான் போன வருச ரினிவல் கடுதாசிய எடுத்துப் பாத்தன். முழுத் தொகை 90,000. நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாம இருந்ததுக்குத் தாற கழிவு, 40 வீதம் கழிச்சு நான் கட்டினது 54,000. கராஜில கேட்ட விலை 25,000. பொலிசியில எக்ஸஸ் 10,000 இருக்கு, அது என்ட கையால போகும். ஆக கொம்பனி தாறது 15,000. என்ட பொலிசியில ஒரு கிளெய்ம் போட்டா போனஸ் முழுசாப் போகும், அடுத்த வருசமே 36,000 கூடக் கட்டோணும். அந்தப் போனஸ் திரும்ப ஏற வருசக்கணக்காகும். இதுக்கு மறுகா கணக்கே தேவையில்ல, கிளெய்ம் போடாம நானே திருத்தினன். உங்கட பொலிசியில படிப்படியாக் குறைக்கிறாங்களோ, போனஸ் காப்பாத்துற கவர் போட்டிருக்கோ எண்டு பாருங்க. ஆளாளுக்கு மாறும்.

கழட்டிப் பாத்தா உள்பக்கத்தில பிபி எண்டு பதிஞ்சு கிடந்தது, பொலிப்ரோபிலீன், சூட்டுக்கு இளகுற பிளாஸ்டிக். கேத்தில்ல கொதிக்கிற தண்ணிய மெதுவா ஊத்தி, துணியச் சுத்தின கையால உள்ளுக்கிருந்து தள்ள "டொக்" எண்டு வெளிய வந்திட்டு. நல்லா மடிஞ்ச கோடு மட்டும் முழுசா நேராகல்ல. கிட்ட நிண்டு பாத்தாத்தான் தெரியும், நான் விட்டுட்டன். கடையில நாலஞ்சு லொக் வாங்கினதுக்குப் போனது சில்லறைக் காசுதான்.

பெயின்ற் உரிஞ்ச இடத்துக்கு வோட்டர் பேப்பர் (தண்ணி போட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டு, பிளாஸ்டிக் பிரைமர் அடிச்சு, காரிட கலர் கோட் (நிறத்துக்குரிய குறியீடு) சொல்லிக் கலந்து வாங்கி அடிச்சன். என்டது 26யூ, சாதா வெள்ளை, அதால தப்பிச்சன். ஒரு விசயம்: புழுதி கிளப்புற கச்சான் காத்து எழும்பின பிறகு ஸ்பிறே பண்ணவே வேணாம், ஊர்ப் புழுதி முழுக்க கடைசியா மேல அடிக்கிற லக்கர்லதான் ஒட்டும். விடியக் காலையில, காத்து எழும்ப முதல் செய்யோணும். மார்கழி மழைக்குள்ளயும் வேணாம், ஈரத்துக்கு லக்கர் பால் மாதிரி வெளுத்திடும்.

காத்தான்குடி:
கல்லடி அண்ணன் சொன்னது பின் பம்பர், ஓட்டோ, மெல்லிய அடி. என்ட கதை வேற. இரவு பொலன்னறுவையால வரக்குள்ள புணானை தாண்டி மாடு ஒண்டு குறுக்க பாய்ஞ்சிட்டு. பிறேக் அடிச்சும் முன் பம்பர்ல பட்டுட்டு. மாடு எழும்பி ஓடிட்டு, அல்ஹம்துலில்லாஹ். என்ட அக்குவா கார வெளியில பாத்தா ஒரு வெடிப்பும் கொஞ்சம் மயிரும்தான்.

இன்சூரன்சுக்கு அங்க நிண்டே கோல் எடுத்தன். வந்த ஆள் நல்ல மாதிரித்தான் கதைச்சார். படம் எடுத்திட்டு, "சின்ன அடிதானே, இப்பவே ஒரு தொகை போட்டுத் தாறன், கையெழுத்து வைங்க" எண்டார். கொஞ்சம் பொறுங்க எண்டு நம்மட கராஜ் காக்காவுக்கு கோல் எடுத்தா, அவர் ஒரே சொல்லுல, "கழட்டாமக் கையெழுத்து வைக்காத தம்பி."

காலையில கழட்டினா உள்ளுக்க இருந்த ஃபோம் நசுங்கிக் கிடக்கு, ஹெட் லைட்ட பிடிக்கிற காது ரெண்டும் முறிஞ்சிட்டு, ரேடியேட்டர் தாங்குற சட்டம் பின்னுக்குப் போயிட்டு. முறிஞ்ச காதுக்காக ஹெட் லைட் முழுசா மாத்தணும், அந்த விலையக் கேட்டா தலை சுத்தும். மேலதிக எஸ்டிமேட் போட்டு, திரும்ப வந்து பாத்து, ஒத்துக்கொண்டாங்க. போனஸ் போனதுதான், ஆனா கைக்காசு போட்டிருந்தா நான் காரையே வித்திருக்கணும்.

கல்முனை:
லீசிங் வாகனம் வைச்சிருக்கிறவங்களும் கவனிங்க. கிளெய்ம் போடுறதோ இல்லையோ, அடி பட்ட இடத்திலயே நம்பர் பிளேட் தெரியப் படம் எடுங்க, மற்ற வாகனத்தையும் சேத்து. கோல் எடுத்துச் சொல்லாம நாமளே திருத்திட்டு, மறுகா கிளெய்ம் கேட்டா ஒருத்தரும் காது குடுக்க மாட்டாங்க.

செங்கலடி பெயின்றர்:
இந்த வேலைதான் என்ட சோறு, அதால கொஞ்சம் கதைக்கிறன். வீட்டில செய்து பாக்கிறது நல்லம், ஆனா என்னட்ட வாற பம்பர்ல பாதிக்கு மேல ஆரோ கை வைச்சுப் பழுதாக்கினதுதான். தகரத்துக்குப் பூசுற புட்டிய பம்பருக்குப் பூசுறாங்க. பம்பர் வளையும், அந்தப் புட்டி வளையாது, ரெண்டு மாசத்தில வெடிச்சு உதிரும். பிளாஸ்டிக்குக்கெண்டே வளையிற புட்டி இருக்கு, அதக் கேட்டு வாங்குங்க. வெடிப்ப அரல்டைட் பசை வைச்சு ஒட்டுறதும் வீண். பிபில அது பிடிக்காது. சோல்டரிங் அயனால உள்பக்கம் உருக்கி, கம்பி வலை பதிச்சு, அதே பிபில குச்சி உருக்கி மூடோணும். புகைக்குள்ள மூக்க வைக்காதீங்க.

பேர்ள் வெள்ளைக்கு மட்டும் வீட்டில கை வைக்காதீங்க. அது மூண்டு படை: அடியில வெள்ளை, மேல பேர்ள், அதுக்கு மேல லக்கர். பேர்ள் ஒரு கை கூடினாலும் வெயில்ல பம்பர் ஒரு நிறம், பக்கத்துக் கதவு ஒரு நிறம். சாதா வெள்ளை, கறுப்பு எண்டா துணிஞ்சு செய்யலாம். கீறல் நகத்தில தட்டுப்படல்லையெண்டா பெயின்றே வேணாம், கட் அண்ட் பொலிஷ் (தேய்ச்சு மினுக்கிறது) போதும்.

ஆரையம்பதி:
பின்னால பார்க்கிங் சென்சர் இருந்தா, பெயின்ற் அடிக்கக்குள்ள அதையும் சேத்து அடிக்கலாமா?

செங்கலடி பெயின்றர்:
கழட்டி வைச்சிட்டு அடிங்க. சென்சர்ட முகத்தில புட்டியோ தடிச்ச பெயின்றோ படிஞ்சா பின்னால ஒண்டுமில்லாமலே கத்திக்கொண்டு கிடக்கும், இல்லையெண்டா சுவர் வந்தாலும் கத்தாது. நிறம் மாத்தத்தான் வேணுமெண்டா மெல்லிசா ஒரே ஒரு கை.