பார்வை போன அப்பாவுக்கு டிவி: ஆடியோ டிஸ்கிரிப்ஷன் பத்தி விவரம் வேணும்

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு க்ளாக்கோமா. போன வருஷம் வரைக்கும் ஒரு கண்ணுல கொஞ்சம் தெரிஞ்சுட்டு இருந்துச்சு, இப்ப வெளிச்சம் இருட்டு மட்டும்தான். ஆனா டிவின்னா அவருக்கு உசிரு, இப்பவும் அதே நேரத்துக்கு அதே சேர்ல வந்து உக்காந்துடுவாரு. ரிமோட்ல 5ஆம் நம்பர் மேல சின்னதா ஒரு மேடு இருக்கும்ல, கட்டைவிரலால அதைத் தடவிப் பிடிச்சு அங்கிருந்து எண்ணி எண்ணி சேனல் மாத்துறாரு.

முந்தாநாள் ராத்திரி அவரு வழக்கமா பாக்குற துப்பறியும் தொடரோட கடைசி எபிசோட். முடிவுல பேச்சே இல்ல. மியூசிக், காலடி சத்தம், ஒரு கதவு, அப்புறம் துப்பாக்கி சத்தம், அவ்வளவுதான், பேரு ஓட ஆரம்பிச்சிடுச்சு. "யாருடா செத்தது?"ன்னு கேட்டாரு. நான் ஃபோன் பாத்துட்டு இருந்தேன், எனக்கே தெரியல. அவரு ஒண்ணும் சொல்லல, ரிமோட்டை மேஜை மேல வச்சிட்டு எழுந்து போயிட்டாரு. அது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

அம்மா பக்கத்துல இருந்தா சொல்லுவாங்க, ஆனா அவங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வசனம் போயிடும். ஆடியோ டிஸ்கிரிப்ஷன்னு ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அது நிஜமா எப்படி வேலை செய்யுது, எப்படி ஆன் பண்றது, சேனல்காரங்ககிட்ட கேக்கணும்னா என்னன்னு கேக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

கேட்டுப்பழகியவன்:

உங்க அப்பா எழுந்து போனதைப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சுங்க. எனக்கு பிறவியிலேயே பார்வை இல்ல, டிவி சத்தத்தோடவே வளர்ந்தவன். தொடரைப் பத்தி வேற யாராவது சொல்லட்டும், நான் நியூஸ் பத்தி சொல்றேன், ஏன்னா செலவே இல்லாம சரி பண்ணக்கூடியது அங்கதான் ரொம்ப இருக்கு.

"திரையில் தெரியும் எண்ணை அழைக்கவும்"னு சொல்றாங்க. அந்த எண்ணை வாயால சொல்ல பத்து செகண்ட் ஆகுமா? வானிலை சொல்றவங்க "இங்க இருந்து இது வரைக்கும் பலத்த மழை"ன்னு கையைக் காட்டுறாங்க, நான் இருக்கிற ஊரு அந்த "இங்க"வுக்குள்ள வருதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும், ஊர் பேரை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. வேற மொழில ஒருத்தர் பேசுவாரு, கீழ எழுத்து ஓடும், எனக்கு புரியாத பாஷை மட்டும் காதுல விழும். நெதர்லாந்து, ஸ்வீடன் மாதிரி நாடுகள்ல இந்த சப்டைட்டிலை கம்ப்யூட்டர் குரல்ல படிச்சுக் காட்டுற சேவையே இருக்கு.

எல்லாத்தையும் விட பயமானது புயல் நேரம். ஒரு தடவை வீட்ல நான் மட்டும் இருந்தேன், படம் ஓடிட்டு இருக்கும்போது திடீர்னு மூணு பீப் சத்தம். ஏதோ எச்சரிக்கைன்னு புரியுது, என்ன எச்சரிக்கைன்னு தெரியல, கீழ எழுத்தா ஓடுதுன்னு அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அமெரிக்கால 2010ல இதுக்குன்னே ஒரு சட்டம் வந்துச்சு. நியூஸ் இல்லாத நிகழ்ச்சி நடுவுல எழுத்தா காட்டுற அவசரத் தகவலை ரெண்டாவது ஆடியோ ட்ராக்ல படிக்கணும்னு அதை வச்சுதான் எஃப்சிசி, அதாவது அந்த நாட்டு தகவல்தொடர்பு ஆணையம், விதி போட்டாங்க. எல்லா நாட்டுலயும் முதல்ல வர வேண்டியது இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இடைவெளி:

நான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் எழுதுறவ. அது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டிருந்தீங்க. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளில, அந்த நேரத்துல திரையில என்ன நடக்குதுன்னு ஒரு குரல் சொல்லும். 1981ல வாஷிங்டன்ல அரீனா ஸ்டேஜ்ங்கிற நாடக அரங்குல மார்கரெட் ஃபான்ஸ்டீல்னு பார்வையில்லாத ஒரு அம்மாவும் பின்னாடி அவங்களுக்குக் கணவரானவரும் சேர்ந்து முறையா செய்ய ஆரம்பிச்சாங்க. 1990ல பாஸ்டன் டபிள்யூஜிபிஎச் டிவி நிலையம் அதையே பிபிஎஸ்ங்கிற அமெரிக்க பொது ஒளிபரப்புக்கு வழக்கமான சேவையா கொண்டு வந்துச்சு.

நாலு செகண்ட் இடைவெளி கிடைச்சா ஏழெட்டு வார்த்தைதான் வைக்க முடியும். அதுக்குள்ள எதைச் சொல்றது எதை விடுறதுங்கிறதுதான் முழு வேலையும். "அவ கோபமா இருக்கா"ன்னு எழுத மாட்டோம். "கடிதத்தை கசக்கி அடுப்புல போடுறா"ன்னு எழுதுவோம், கோபத்தை கேக்குறவங்களே புரிஞ்சுக்குவாங்க, புரிஞ்சுக்கிற அந்த சந்தோஷத்தை நாம பிடுங்கிடக் கூடாது.

தமிழ்ல எழுதும்போது வேற ஒரு சிக்கல் வருது, இதை யாரும் பேசி நான் பாத்ததில்ல. நம்ம வினைச்சொல்லே ஆணா பெண்ணான்னு காட்டிக் கொடுத்துடும். முகமூடி போட்ட ஒரு ஆள் மாடில ஏறுறதா வச்சுக்குங்க, பாக்குறவங்களுக்கு அது யாருன்னே தெரியாது, நான் "ஏறுறான்"னு எழுதிட்டா பாதி மர்மம் அங்கயே போச்சு. அதனால "கறுப்பு உருவம் ஒண்ணு படியேறுது"ன்னு எழுதுவேன். மரியாதையும் அப்படித்தான், ஒருத்தரை "வர்றார்"னும் இன்னொருத்தரை "வர்றான்"னும் எழுதினா யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு நானே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும். இதுக்காகவே தமிழ்ல யோசிச்சு எழுதுற ஆளுங்க வேணும், இங்கிலீஷ் விவரிப்பை அப்படியே மொழிபெயர்த்தா சரிப்படாது.

இன்னொண்ணு, எழுதி முடிச்சதும் பார்வையில்லாத ஒருத்தரை உக்கார வச்சு கேக்கச் சொல்லாம எதையும் அனுப்பக் கூடாது. நான் அழகா எழுதிட்டேன்னு நினைச்ச எத்தனையோ வரியை "இது தேவையில்லம்மா, அந்த சத்தத்துலயே தெரியுது"ன்னு ஒரு பெரியவர் வெட்ட வச்சிருக்காரு.

சிக்னல்கம்பி:

ஒளிபரப்பு டெக்னிக்கல் பக்கத்துல இருக்கேன், சேனல்காரங்ககிட்ட என்ன கேக்கணும்ங்கிறதுக்கு நான் பதில் சொல்றேன்.

டிஜிட்டல் டிவில ஒரு சேனல்னா படம் ஒரு ஓடை, சத்தம் வேற ஓடை. விவரிப்பு இன்னொரு சத்த ஓடையா கூட வரும். அது ரெண்டு விதம். ஒண்ணு, படத்தோட சத்தத்தையும் விவரிப்பையும் ஸ்டுடியோவுலயே கலந்து ஒரே ட்ராக்கா அனுப்புறது, இதை ப்ராட்காஸ்ட் மிக்ஸ்னு சொல்லுவோம். இன்னொண்ணு ரிசீவர் மிக்ஸ், விவரிக்கிற குரல் மட்டும் தனியா வரும், அந்தக் குரல் பேசும்போது மத்த சத்தத்தை எவ்வளவு குறைக்கணும்ங்கிற தகவலும் கூடவே வரும், உங்க வீட்டு செட்டாப் பாக்ஸ் ரெண்டையும் கலக்கும். ரெண்டாவது முறைல இடம் மிச்சம், ஆனா எல்லா பாக்ஸும் கலக்காது.

இப்ப முக்கியமான விஷயம். ஸ்டுடியோவுல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற வழில அந்த ட்ராக் எங்க வேணா விழுந்து போகலாம். சேனலோட மாஸ்டர் கன்ட்ரோல் அறை, சாட்டிலைட்டுக்கு அனுப்புற அப்லிங்க், கேபிள்காரங்க சிக்னல் வாங்குற ஹெட்எண்ட், செட்டாப் பாக்ஸ்னு ஒவ்வொரு இடத்துலயும் யாரோ ஒருத்தர் "ரெண்டாவது ஆடியோவையும் விடு"ன்னு செட் பண்ணியிருக்கணும். கூடவே அதுக்கு லேபிளும் சரியா இருக்கணும், டிவிபிங்கிற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைல "பார்வையற்றோருக்கான விவரிப்பு"ங்கிறது ஆடியோ வகை 3. நான் முன்ன வேலை பாத்த இடத்துல அந்த லேபிளை போட மறந்துட்டாங்க. பாக்ஸ் அதை ஏதோ வேற மொழின்னு எடுத்துக்கிச்சு, தெரியாம அதுல மாட்டினவங்க "யாரோ நடுவுல பேசிட்டே இருக்காங்க"ன்னு புகார் சொன்னாங்க, அதைக் கேட்டு ட்ராக்கையே நிறுத்திட்டாங்க. அது யாருக்காக வந்துச்சோ அவங்களுக்கு வந்ததும் தெரியாது நின்னதும் தெரியாது. அன்னிக்கு நான் சத்தமா எதிர்த்துப் பேசியிருக்கணும்.

அதனால "விவரிப்பு போடுங்க"ன்னு பொதுவா எழுதாதீங்க. எந்த நிகழ்ச்சிக்கு, எத்தனை மணிக்கு விவரிப்பு ட்ராக் போகுது, எந்த மிக்ஸ், லேபிள் போட்டிருக்கா, நிகழ்ச்சி பட்டியல்ல அதைக் குறிச்சிருக்கீங்களான்னு கேளுங்க. அதே கேள்வியை கேபிள்காரங்ககிட்டயும் கேளுங்க, அங்கதான் நிறைய விழும். அப்புறம் மேல நண்பர் சொன்ன சப்டைட்டில் விஷயம், டிவிபி சப்டைட்டில் எழுத்தா வர்றதில்ல, படமா வருது, அதனால பாக்ஸ்ல குரல் வசதி இருந்தாலும் அதை நேரா படிக்க முடியாது. அதை சேனல்லயே பேச வச்சு அனுப்புறதுதான் வழி.

மெனுபேசட்டும்:

விவரிப்பு இருந்தாலும் அதைத் தேடிப் போற மெனு பேசலன்னா பிரயோஜனம் இல்ல, அதனால முதல்ல மெனுவைப் பேச வைங்க. ஆண்ட்ராய்டு டிவின்னா செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டி உள்ள டாக்பேக், சாம்சங்னா வாய்ஸ் கைடு, ஆப்பிள்னா வாய்ஸ்ஓவர். ஓடிடி இருந்தா அதையும் பாருங்க. நெட்ஃப்ளிக்ஸ் 2015 ஏப்ரல்ல விவரிப்பு ஆரம்பிச்சாங்க, டேர்டெவில்னு கண்ணு தெரியாத நாயகன் கதையே விவரிப்பு இல்லாம வந்துச்சேன்னு பார்வையில்லாதவங்க கேட்ட பிறகுதான் அது நடந்துச்சு. இங்கிலாந்துல சேனல்கள் 10 சதவீத நிகழ்ச்சிக்கு விவரிப்பு தரணும்னு இலக்கு இருக்கு, அதுவும் மக்கள் பல வருஷம் போராடி வாங்கினதுதான். கேட்டுக்கிட்டே இருங்க.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மெனு குரலை ஆன் பண்ணிட்டேன். அப்பா கீழ் அம்பை அழுத்துறாரு, அது பேசுது, மறுபடி அழுத்துறாரு, ஒரு மணி நேரம் வேற எதுவும் பாக்கல, மெனு முழுக்க சுத்திட்டு வந்தாரு. நேத்து ஒரு சேனல்ல ஆடியோ பட்டனை அழுத்தினா ரெண்டாவது ட்ராக்ல விவரிப்பு வந்துச்சு! படம் நடுவுல அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க, "நீ சும்மா இரு, அவன் சாவியை பாக்கெட்ல போட்டுட்டான், எனக்குத் தெரியும்"னாரு.

ஒரே ஒரு சந்தேகம், விவரிக்கிற குரல் ரொம்ப சின்னதா கேக்குது, சண்டைக் காட்சில மூழ்கிப் போகுது. டிவி வால்யூம் ஏத்தினா எல்லாமே ஏறுது.

சிக்னல்கம்பி:

அப்ப உங்களுக்கு வர்றது ரிசீவர் மிக்ஸா இருக்கலாம். பாக்ஸ் செட்டிங்ஸ்ல ஆடியோ பக்கம் போய்ப் பாருங்க, விவரிப்புக்குன்னு தனியா ஒரு வால்யூம் இருந்தா அதை மட்டும் ஏத்துங்க. இல்லன்னா பாக்ஸ் மாடல் எண்ணை இங்க போடுங்க, நான் பாத்து சொல்றேன்.