அரசியல் சாசனம் எவ்வளவு தெரியும்? கடலூரிலும் புதுச்சேரியிலும் கேட்டுப் பார்த்த கதைகள்

மஞ்சக்குப்பத்தான்:

நவம்பர் 26 நெருங்கினால் போதும், எங்கு பார்த்தாலும் அரசியலமைப்பு வினாடி வினா. எந்த ஆண்டு ஏற்கப்பட்டது, தொடக்கத்தில் எத்தனை உறுப்புகள், எத்தனை அட்டவணைகள்? 1949, 395, 8 என்று டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார்கள். ஒரு பேனா, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ, முடிந்தது. சாசனம் புரிந்திருக்கிறதா என்று இதை வைத்து எப்படிச் சொல்வது?

நாங்கள் சில நண்பர்கள் இந்த முறை வேறு மாதிரி கேட்டுப் பார்த்தோம். எண்ணோ ஆண்டோ பதிலாக வரும் கேள்வி கூடாது, அவ்வளவுதான் விதி. டீக்கடையோ நூலக வாசலோ, எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஓர் ஆட்டோக்காரர். "போலீஸ் ஒருத்தரைப் புடிச்சிட்டுப் போனா என்னண்ணே செய்யணும்?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். "எதுக்குப் புடிச்சாங்கன்னு சொல்லணும். வக்கீலைப் பாக்க விடணும். இருபத்து நாலு மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். கூட்டிட்டுப் போற வழி நேரம் மட்டும் கணக்குல வராது" என்றார். அந்தக் கடைசி வரி சட்டம் படித்தவர்களுக்கே மறந்துபோகும். உறுப்பு 22-ல் அப்படியே இருக்கிறது. எப்படித் தெரியும் என்றேன். சிரித்துவிட்டு சவாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

பக்கத்தில் நின்றிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், சொத்துரிமை அடிப்படை உரிமைதான் என்று அடித்துச் சொன்னார். 44-ஆவது திருத்தத்தில் அது அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டு 300ஏ-வுக்குப் போய்விட்டது, அது 1978-ஆம் வருஷத்துத் திருத்தம் என்றேன். "நான் படிக்கும்போது இருந்ததே தம்பி" என்றார். அதுவும் சரிதான்.

தேவனாம்பட்டினத்துப் பையன்:

எது ஒன்றியத்தின் அதிகாரம், எது மாநிலத்தின் அதிகாரம் என்று பிரிக்கும் ஏழாவது அட்டவணையை எங்கள் ஊரில் போய் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள். நான் சித்தப்பாவிடம் இப்படிக் கேட்டேன்: "கடலு யாருது சித்தப்பா, மெட்ராஸுதா டெல்லிதா?"

கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவே இல்லை. "பன்னெண்டு மைலு வரைக்கும் மெட்ராஸு. அதத் தாண்டுனா டெல்லி. மீனுக்குத்தான் அது தெரியல."

மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம் மீன்வளம். ஒன்றியப் பட்டியலில் 57-ஆவது இனம் ஆட்சிக்கடலுக்கு, அதாவது அந்தப் பன்னிரண்டு மைலுக்கு, அப்பால் மீன் பிடிப்பது. சித்தப்பா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருக்கு இது தெரிந்ததற்குக் காரணம் சுருக்குமடி. தமிழ்நாடு அரசு 2000-ல் அந்த வலைக்குத் தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு தந்தது: பன்னிரண்டு கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. அந்தக் கோட்டுக்கு உள்ளே மாநிலத் தடை நிற்கும், வெளியே அதன் கை நீளாது என்பதுதான் வாதமே. அதனால் எங்கள் தெருவில் சின்னப் பையனுக்குக்கூடப் பன்னிரண்டு மைல் கணக்கு தெரியும். அம்மா பிறந்த ஊரில் ஃபைபர் போட்டுக்காரர்கள், சுருக்குமடி எங்கேயுமே கூடாது என்பவர்கள். சண்டை வேறு, ஆனால் அவர்களுக்கும் கணக்கு அத்துப்படி. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம் யார் போடுவது என்று கேட்டால், "உள்ள இவங்க, வெளிய அவங்க" என்று அதையும் சரியாகப் பிரிக்கிறார்கள்.

அதற்காக சித்தப்பாவை சட்ட மேதை ஆக்கிவிட வேண்டாம். பொதுப் பட்டியலில் உள்ள ஒரே விஷயத்துக்கு டெல்லியும் மெட்ராஸும் மாறுபட்ட சட்டம் போட்டால் எது நிற்கும் என்றேன். "எவன் போட்டு பெருசோ அவனுது" என்றார். பொதுவாக டெல்லி சட்டம்தான் நிற்கும் என்கிற உறுப்பு 254-க்கு அரை மார்க் கொடுக்கலாம்.

ரெட்டிச்சாவடிக்காரன்:

புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடைக்குப் போய் பெட்ரோல் போடாதவர்கள் இந்த இழையில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். யாரும் இல்லையா? சரி.

பங்கில் வரிசையில் நிற்கும்போது தமிழ்நாட்டு வண்டிக்காரர்களாகப் பார்த்து, இங்கே ஏன் விலை குறைவு என்று கேட்டேன். "சின்ன ஊருங்க, செலவு கம்மி." "டெல்லியில மானியம் தர்றாங்க." ஒருவர், பிரெஞ்சுக்காரன் போகும்போது எழுதி வாங்கிக்கொண்ட சலுகை என்றார். அவர் சொன்ன தோரணைக்கே நான் முழு மார்க் கொடுத்திருப்பேன். ஒரே ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறவர் போல இருந்தார், "வாட் வேற வேற அங்கிள்" என்றார், மாநிலம் போடும் விற்பனை வரியைச் சொல்கிறார். நாடெல்லாம் ஒரே ஜிஎஸ்டி என்றார்களே, அப்புறம் ஏன் வாட் என்றேன். யோசித்தார். அவர் முறை வந்துவிட்டது.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஜிஎஸ்டி வருவதற்காக 2016-ல் 101-ஆவது திருத்தம் செய்தார்கள். அதில் பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைக்கும் நாள் வரை தள்ளி வைத்தார்கள். குடிக்கிற மதுவை ஜிஎஸ்டி என்பதன் வரையறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மாநிலப் பட்டியலில் 54-ஆவது இனத்தில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முள்ளோடை வியாபாரமும் இந்த இரண்டை நம்பித்தான் ஓடுகிறது! மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று உறுப்பு 47 சொல்வதையும் அங்கே மதுக்கடை விளக்கு வெளிச்சத்தில் நின்று படித்துப் பார்க்கலாம். அது வழிகாட்டு நெறி, கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது.

செக்போஸ்டில் பாட்டிலோடு சிக்கிய ஒருவர், நாடு முழுக்க வியாபாரம் தடையில்லாமல் நடக்கலாம் என்று 301 சொல்கிறதே என்று போலீஸ்காரரிடம் வாதாடியதை நேரில் பார்த்தேன். அந்த நிலையிலும் உறுப்பு எண் சரியாகச் சொன்னார். "அத ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் அழைத்துப் போனார்கள்.

லாஸ்பேட்டை லட்சியவாதி:

எண் கேட்கக்கூடாது என்ற விதியை நான் மீறுகிறேன். புதுச்சேரியில் அந்த எண்தான் தகராறே. நம்ம சட்டமன்றத்தில் எத்தனை பேர்?

எங்கள் டீக்கடையில் பாதிப் பேர் 30 என்றார்கள், பாதிப் பேர் 33. இரண்டு பக்கமும் தெரிந்துதான் சொன்னார்கள். தொகுதி 30. ஒன்றிய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். "ஓட்டே வாங்காதவன் எப்படிய்யா ஓட்டுப் போடுவான்?" என்று கடைக்காரர் குரலை உயர்த்த, "சாசனத்துலயே இருக்குய்யா" என்றார் எதிரே இருந்தவர். இருக்கிறதுதான், ஆனால் பாதி. 1962-ல் 14-ஆவது திருத்தம் கொண்டுவந்த 239ஏ, சட்டமன்றம் முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவோ, ஒரு பகுதி நியமிக்கப்பட்டதாகவோ இருக்கலாம் என்கிறது. மூன்று பேர் என்பது 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. ஒன்றிய அரசே நேரடியாக நியமித்தது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது அந்த மூவர் வாக்களிக்கலாமா என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. கடலூர்க்காரர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். நியமன எம்எல்ஏ என்று ஒன்று உண்டா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

குருசுக்குப்பம்:

எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சுக் குடிமகன். அவரிடம் முகப்புரையை வாசித்துக் காட்டினேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று வந்ததும், "இது எங்களுது" என்றார். பிரான்சின் முழக்கமும் அதேதானே, தவிர்க்க முடியாத ஜோக், விட்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரான்சில் ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஏழு வருஷத்திலிருந்து ஐந்தாக்க 2000-ல் பொது வாக்கெடுப்பு நடந்தது. அதில் இங்கே இருந்தபடியே அவரும் ஓட்டுப் போட்டாராம். "சாசனத்தை மாத்தணும்னா என்னைக் கேட்டாங்க. உங்களுதை நூறு தடவைக்கு மேல மாத்திட்டாங்களே, ஒரு தடவையாவது உன்னைக் கேட்டாங்களா?"

368-ன்படி இரு அவைகளிலும் தனித்தனியாக மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும், சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அது சரி, உன்னைக் கேட்டாங்களா?"

நம்ம ஊர் இந்தியாவோடு சேர்ந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954 அக்டோபர் 18, கீழூர். ஓட்டுப் போட்டது 178 பிரதிநிதிகள். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கும் தெருவில் நின்ற ஆளைக் கேட்கவில்லை. தாத்தா அதையும் விடவில்லை.

அவர் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, "எனக்கு உங்க சாசனத்துல ஒண்ணும் கிடையாதுல்ல?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:

தாத்தாவுக்கு நிறையவே இருக்கிறது. சட்டத்தின் முன் சமம் என்கிற 14, உயிரும் உடல் சுதந்திரமும் காக்கிற 21, ஆட்டோக்காரர் சொன்ன 22, மூன்றும் இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உண்டு. பேச்சுச் சுதந்திரம் உள்ளிட்ட 19, அரசு வேலையில் சம வாய்ப்புக்கான 16 இவை குடிமக்களுக்கு மட்டும். சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வந்துவிடுங்கள்.

பாகூர் வாத்தியார்:

நான் மாலையில் யூடிசி (அரசு எழுத்தர்) தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். உள்ளாட்சி அமைப்பின் பதவிக்காலம் என்றதும் ஒரு பையன் எழுந்து, "243இ சார். அஞ்சு வருஷம். முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் நடத்தணும். நடுவுல கலைச்சா ஆறு மாசத்துக்குள்ள" என்றான். ஒரு எழுத்து பிசகவில்லை.

"நீ உள்ளாட்சித் தேர்தல்ல எப்போ ஓட்டுப் போட்ட?"

முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஓட்டுரிமை வந்து சில வருஷம் ஆன பையன். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. தங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தலைவர் யார் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்தால்தானே தெரியும்! மனப்பாடம் செய்த வரிக்கும் தங்கள் தெருவுக்கும் தொடர்பு உண்டு என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இருப்பதில் கெட்டிக்காரி ஒருத்தி, "நம்மளது யூனியன் பிரதேசம், சாசனத்துல அந்தப் பகுதி நமக்குப் பொருந்தாது சார்" என்றாள். பொருந்தும், 243எல் அதைத்தான் சொல்கிறது. குடியரசுத் தலைவர் வேண்டுமானால் மாற்றங்களோடு பொருத்தலாம். அன்றைக்கு நடத்த நினைத்த பாடத்தை விட்டுவிட்டேன். மீதி நேரம் முழுக்க, குடிநீர்க் குழாய் உடைந்தால் நாம் யாரிடம் போகிறோம் என்றே பேச்சு ஓடியது. எம்எல்ஏ வீட்டுக்கு என்றார்கள் எல்லாரும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம்:

வாத்தியார் ஐயா, எங்கள் பக்கம் மட்டும் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களிலும் 2016-ல் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் கிராம சபையில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமாக நோட்டு முதலில் வரும், கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு ஜனங்கள் கிளம்பிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். போன அக்டோபர் 2-ஆம் தேதி, நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அக்கா பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "எழுதிட்டு வாசிங்க, அப்புறம் வெக்கறேன்." செயலருக்குக் கோபம். பின்னால் இருந்த பெண்களும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் எழுதி, வாசித்தார்கள். நடுவில் ஒரு கழிவுநீர் வாய்க்கால் தீர்மானம். "அந்த வாய்க்கால் எங்க இருக்கு, காட்டுங்க" என்றார் அக்கா. அது அப்புறம் பெரிய கதை, இங்கே வேண்டாம்.

முடிந்ததும், கிராம சபை சாசனத்திலேயே இருக்கிறது, 243ஏ, தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். "போன தடவ நான் வெச்ச கையெழுத்துக்கு மேல என்ன எழுதுனாங்கன்னு தெரிஞ்சுது, அதான்" என்றார். ஆனால் அவரும் ஒன்றைத் தப்பாக நம்பிக்கொண்டிருந்தார். தீர்மானம் போட்டுவிட்டால் டாஸ்மாக் கடையை மூடியே ஆக வேண்டும் என்று. கிராம சபைக்கு என்னென்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும் என்று 243ஏ விட்டுவிட்டது, அதனால் தீர்மானம் போட்டால் மட்டும் கடை மூடாது என்றேன். "அப்போ எதுக்கு எங்களக் கூப்புடறாங்க?" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை.

2022-லிருந்து நவம்பர் 1-ஆம் தேதியும் எங்களுக்குக் கிராம சபை உண்டு, உள்ளாட்சி தினம் என்று. புதுச்சேரிக்காரர்களுக்கு அன்றைக்கு விடுதலை நாள், லீவு. கொடியேற்றி முடிந்ததும் வாத்தியார் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வரட்டும். ஓட்டுப் போட முடியாது, கையெழுத்தும் வைக்க முடியாது, உட்கார்ந்து பார்க்கலாம். பெட்ரோல் மட்டும் முள்ளோடையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.