எக்செல்லில் கருந்துளை வளர மாட்டேன் என்கிறது, உதவுங்க

கோபி டீச்சர்:
வணக்கமுங்க. அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு ஒரு எக்செல் தாள் போட்டோம். 2021-இல் அறிவித்த ஜே0313-1806 குவேசாரின் (கருந்துளை வாயுவைத் தின்பதால் வெகுதூரத்தில் பளிச்சென்று ஒளிரும் விண்மீன் மண்டல மையம்) கருந்துளை 160 கோடி சூரிய நிறை. நாம் பார்க்கும் அதன் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயதே 67 கோடி ஆண்டுதான். 100 சூரிய நிறையில் தொடங்கி எடிங்டன் வரம்பிலேயே (ஒளி வாயுவைத் தள்ளிவிடாமல் தின்னக்கூடிய அதிகபட்ச வேகம்) வளரவிட்டால், மூன்றரைக் கோடி ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 24 தடவைக்கு 84 கோடி ஆண்டு ஆகிறது! ஃபார்முலாவில் எங்கே தப்பு?

சத்தி அண்ணன்:
விழும் பொருளில் எத்தனை பங்கு ஒளியாகிறது என்று வைத்தீங்க?

கோபி டீச்சர்:
10 சதவீதமுங்க.

சத்தி அண்ணன்:
அப்ப ஃபார்முலா சரி. முதல் செல்லைப் பாருங்க, டீச்சர்.

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும்போது அடுப்புக்குச் சக்கை போடுகிறவரைக் கவனியுங்க. ஒரு கை தள்ளியதும் தீ வாய்க்கு வெளியே சீறும், அவர் பின்வாங்குவார். தணிந்ததும் மறுபடி கிட்டே போவார். கருந்துளையும் அப்படித்தான். விழுகிற வாயு சூடேறி வீசும் ஒளியே அடுத்து வரும் வாயுவைத் தள்ளிவிடுகிறது. அதனால் விட்டு விட்டுத்தான் தின்னும். போதாக்குறைக்கு, 100 சூரிய நிறைக் கருந்துளையைப் பெற்ற நட்சத்திரம் உயிரோடு இருந்தபோதே சுற்றியிருந்த வாயுவை விரட்டியிருக்கும். பிறந்ததும் பட்டினி. 84 கோடி என்பதே தாராளக் கணக்கு.

முதல் செல்லில் 100-க்குப் பதிலா 1,00,000 போடுங்க. பக்கத்து நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை உடைத்தால் வாயு நன்றாகக் குளிராது. சின்னச் சின்ன நட்சத்திரங்களாகச் சிதறாமல் மொத்தமாகச் சரிந்து இவ்வளவு பெரிய விதைக் கருந்துளை உருவாகலாம் என்பது ஒரு வலுவான கருத்து.

பொள்ளாச்சி மாணவி:
அண்ணா, கருந்துளை வெளிச்சத்தில் புது நட்சத்திரம் பிறக்காமல் போயிருமா?

சத்தி அண்ணன்:
இரண்டும் நடக்கும் கண்ணு. கிட்டே இருக்கும் வாயு காய்ந்து கலைந்துவிடும், அங்கே பிறப்பு நின்றுபோகும். எக்ஸ் கதிர் மட்டும் வெகுதூரம் ஊடுருவி அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும். அந்த எலக்ட்ரான்கள் துணையால் ஹைட்ரஜன் மூலக்கூறு கூடுதலாக உருவாகும். அது வாயுவைக் குளிரவைத்து, தள்ளியிருக்கும் மேகத்தில் நட்சத்திரம் பிறக்க உதவலாம். எது ஜெயிக்கும் என்பது தூரத்தையும் வாயுவின் அடர்த்தியையும் பொறுத்தது.

கோபி டீச்சர்:
மாற்றிப் பார்த்தேனுங்க. 14 தடவை, 49 கோடி. விதை தோன்ற 15 கோடி விட்டாலும் 64-இல் முடிகிறது! பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சத்தி அண்ணன்:
ரொம்ப நல்லதுங்க. ஆனால் அது இடைவிடாமல் தின்றால் வரும் கணக்கு. ஒளி வாயுவைத் தள்ளி நிற்கவைக்கும் நேரத்துக்குத் தாளில் ஒரு நெடுவரிசை சேருங்க. மிச்சம் 3 கோடி ஆண்டுதான் இருக்கிறது, அதைப் பிள்ளைகளே பார்க்கட்டும்.