டேக் நம்பர் இனி எஸ்எம்எஸ்ஸில் வராதாம்: அம்மாவுக்கு என்ன வழி?

கோப்பிக்கடை மேசை:
எங்கள் பேங்க்கில் டேக் நம்பரை, அதாவது பணம் அனுப்பும்போது உறுதிசெய்யக் கேட்கும் ஒருமுறை எண்ணை (TAC), எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இனி போனில் செயலியைத் திறந்து ஒப்புதல் தட்டினால்தான் பணம் நகரும். அதுவும் ஒருவருக்கு ஒரு போன்தான். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்த ஏற்பாடு இது. சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு இப்போதுதான் உறைக்கிறது. அம்மாவின் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷன் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. அவர் கையில் இருப்பதோ பட்டன் போன். என் போனில் ஏற்றலாமா என்று கேட்டால், அதில் ஏற்கெனவே உங்கள் கணக்கு இருக்கிறதே என்று கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். பாதுகாப்பு என்று சொல்லி வயதானவர்களை வெளியே தள்ளுகிறார்களா, இல்லையா?

பழைய கிராணி:
தள்ளவில்லை தம்பி. என் தம்பி மனைவிக்கு வாட்சப்பில் ஒரு கல்யாணக் கார்டு வந்தது. நம் ஆட்கள் கல்யாணக் கார்டைப் பார்க்காமல் விடுவார்களா? தட்டினார். வந்தது கார்டு இல்லை, ஏபிகே, அதாவது போனில் செயலியை ஏற்றும் கோப்பு. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். மொய்யை இப்போதே கட்டலாம் என்று பேங்க் பக்கம் மாதிரியே ஒன்று திறந்தது. பாஸ்வேர்டையும் போட்டார். ராத்திரி டேக் நம்பர் அவர் போனுக்குத்தான் வந்திருக்கிறது, ஆனால் அவர் கண்ணில் படவே இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஏபிகே அதை எடுத்து அனுப்பிவிட்டு அழித்தும் விட்டது. விடிந்தால் 4,300 வெள்ளி (ரிங்கிட்) இல்லை. அந்த எஸ்எம்எஸ்ஸைத்தான் வேண்டும் என்கிறாயா?

லயத்துப் பையன்:
கிராணி ஐயா, பாஸ்வேர்டைப் போட்டது யார்? எதைக் கேட்டாலும் சரி என்று தட்டும் விரல், ஒப்புதலையும் தட்டத்தான் போகிறது. அதைவிட, எங்கள் எஸ்டேட் லயத்தில் லைன் கிடைப்பதே பெரும்பாடு. டேட்டா வேண்டுமென்றால் கோயில் திடலுக்கு நடக்க வேண்டும். எஸ்எம்எஸ் ஒரு கம்பி இருந்தாலும் வந்து விழும். 2021 கடைசியில் 3ஜியை மூடினார்கள், அப்பாவின் போன் 2ஜிக்கு இறங்கியது. ஒவ்வொரு முறையும் முன்னேற்றம் அவர்களுக்கு, நடை எங்களுக்கு.

பழைய கிராணி:
லைன் விஷயத்தில் நீ சொல்வது நியாயம். ஆனால் ஒப்புதல் கேட்கும்போது யாருக்கு, எவ்வளவு என்று திரையில் தெரிகிறது. டேக் என்பது வெறும் ஆறு எண். "பேங்க்கிலிருந்து பேசுறோம், அந்த நம்பரைச் சொல்லுங்க" என்றதும் ஒப்பித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! செயலியில் ஒப்பிக்க எதுவும் இல்லை. திருடன் உன் கணக்கைப் புதுப் போனில் ஏற்றினாலும் பல பேங்க்குகளில் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் விழித்துக்கொள்ளலாம்.

செவ்வந்தி அக்கா:
இரண்டு பேரும் பெரியவர்களுக்கு ஆன்லைன் வேண்டும் என்றே முடிவு செய்துவிட்டீர்கள். என் மாமியாருக்கு பேங்க்கில் எழுதிக் கொடுத்து ஆன்லைனையே மூடிவிட்டோம். ஏடிஎம் கார்டு போதும், எடுக்கும் தொகைக்கும் வரம்பு. கரண்ட் பில்லை நான் என் கணக்கில் கட்டிவிட்டு அவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் கிராணி அண்ணே, அன்றைக்கு 997-க்கு அடித்தார்களா? மோசடிக்கென்றே 2022 அக்டோபரிலிருந்து இருக்கும் எண் அது. பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் மடக்கிப் பிடிக்க வழி உண்டு.

பழைய கிராணி:
அடித்தார், மறுநாள் மத்தியானம். முதலில் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம்.

கோப்பிக்கடை மேசை:
அக்கா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "என் காசை நான் பார்க்கக் கூடாதா?" என்று முறைத்தார். பேரனுக்கு மாதம் 50 வெள்ளி அவரே அனுப்ப வேண்டுமாம். என் பழைய போன் ஒன்று கிடக்கிறது, ஆண்ட்ராய்டு 8. அதைக் கொடுத்துவிடவா?

பழைய கிராணி:
வேண்டாம் தம்பி. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று வருஷக்கணக்காகிறது.

லயத்துப் பையன்:
ஆக, 50 வெள்ளி அனுப்ப 500 வெள்ளிக்குப் புதுப் போன்.