நார்ட் ஸ்ட்ரீம் குழாய் உடைப்பு: வழக்குத் தொடர எந்த நாட்டுக்கு அதிகாரம்?

கடல்சார் சட்டம் அறிந்தவர்களின் உதவி தேவைப்படுகிறது. ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலடி வழியாக ஜெர்மனிக்குச் செல்லும் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் 2022 செப்டம்பர் 26 அன்று உடைந்தது பற்றிய கட்டுரையில் மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவை ஒட்டிய கடலில், நான்கு குழாய்களில் மூன்று உடைந்த இடங்கள் டென்மார்க், ஸ்வீடன் நாடுகளின் முழு இறையாண்மைக்கு உட்பட்ட கரையோரப் பகுதியான பிராந்தியக் கடலில் இல்லை. அதற்கு அப்பால், கடல் வளங்கள் மீது உரிமை இருந்தாலும் முழு இறையாண்மை இல்லாத, அவற்றின் தனிப் பொருளாதார மண்டலங்களில் இருக்கின்றன. சிக்கலே இதுதான்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையைப் படித்துவிட்டேன். பிரிவு 79 குழாய் பதிக்கும் உரிமையைச் சொல்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் தன் கொடி பறக்கும் கப்பலோ தன் அதிகாரத்துக்கு உட்பட்டவரோ குழாயைச் சேதப்படுத்தினால் தண்டிக்க ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்ற வேண்டும் என்கிற பிரிவு 113, பிரிவு 58இன் வழியாகப் பொருளாதார மண்டலத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் கரையோர நாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2024 பிப்ரவரியில் ஸ்வீடன் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று விசாரணையை முடித்தது. திட்டமிட்ட நாசவேலை என்று கண்ட டென்மார்க்கும் அதே மாதம் முடித்துக்கொண்டது. இத்தனை பெரிய சேதத்துக்கு இது போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை.

கொடிநாடும் (கப்பல் எந்த நாட்டின் கொடியுடன் செல்கிறதோ அந்த நாடு) குற்றவாளியின் நாடும் ஒதுங்கிக்கொண்டால், கரையோர நாடு அந்த உடன்படிக்கையின் எந்தப் பிரிவைக் கொண்டு வழக்குத் தொடர முடியும்?